கருத்தக்கண்ணன் எண்ணிய கொக்கிகள்

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு இருபது வண்டிகள் நின்றாலும், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் கருத்தக்கண்ணனின் வண்டி எது என்று பார்த்துத்தான் ஏறுவார்கள். அவர் வளைவில் முந்த மாட்டார். மூடுபனி இறங்கிவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். பதினாறு வருடமாகக் குமுளி மலைப்பாதையில் ஓட்டுகிறார். ஒரு மைல்கல்லைக்கூட உரசியதில்லை. "கருத்தண்ணன் வண்டியில ஏறுனா இறங்குறப்பத்தான் கண்ணு முழிப்போம்" என்பார் சந்தனம்மாள். பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி அவர். லேசில் யாரையும் புகழ்ந்துவிட மாட்டார்.

கருத்தக்கண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. வண்டி இன்னொருவருடையது. மனைவி ஜோதிலட்சுமியும் அதே தோட்டத்தில்தான் காய் எடுக்கிறார். காலை எட்டரைக்குச் சக்குப்பள்ளம் பக்கம் பெண்களை இறக்கிவிட்டால் மாலை நாலு மணிக்குத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். இடையில் ஏழரை மணி நேரம். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள், துண்டை விரித்துப் படுப்பார்கள், குமுளி வரை போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். கருத்தக்கண்ணன் தோட்டத்து மூலையில் இருக்கும் பலாமரத்தடிக்கு வண்டியைக் கொண்டுபோவார். எதிர்மலை டவரின் சிக்னல் அந்த ஒரு இடத்தில்தான் நான்கு கோடு காட்டும். மற்றவர்கள் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. "அது கருத்தனோட ஆபீசு" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த ஆபீசில் அவர் ஆடியது 'வஜ்ரகிரி' என்ற இணைய விளையாட்டு. ஏழு மலைகள் கொண்ட ஒரு நாடு. நாலா பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு உலாவுவார்கள். ஒருவர் வில்லாளி, ஒருவர் மருத்துவர், ஒருவர் கொல்லர். அங்கங்கே நிற்கும் ஊர்க்காரர்கள் பணிகள் கொடுப்பார்கள். சேர்ந்து முடித்தால் பரிசும் பேரும் கிடைக்கும்.

கருத்தக்கண்ணன் அதில் பெரிய வீரர் இல்லை. அவருடைய வாளைவிட நல்ல வாள் பத்தாயிரம் பேரிடம் இருக்கும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வழி. அந்த ஏழு மலைகளில் எந்தக் கணவாயில் ஓநாய் வரும், எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்தக் குறுக்குப் பாதை எந்த ஊரின் பின்வாசலில் கொண்டுபோய் விடும் என்பதெல்லாம் அவருக்குக் மனப்பாடம். புதிதாக வருகிறவர்கள் ஓநாய்க் கணவாயில் செத்துச் செத்து வெறுத்துப்போவார்கள். அவர்களைப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிக்கொண்டு போய் மறுபக்கம் விடுவதை நாலு வருடமாகச் செய்துவந்தார். மலையிலும் ஜீப், போனுக்குள்ளும் ஜீப் என்று ஜோதிலட்சுமி கேலி செய்வார். அப்படி அவர் கைபிடித்துக் கடந்தவர்களில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள். பெயர் 'கணவாய்க் கூட்டம்'.

கூட்டத்தின் மருத்துவர் பலவேசம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், கருத்தக்கண்ணனைவிட ஏழு வயது மூத்தவர். பல வருடம் முன்பு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் பெல்ட்டில் இடது கை சிக்கி, கட்டை விரலும் அடுத்த இரண்டும் போய்விட்டன. போனை ஒரு மரச்சட்டத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கட்டை விரலால் மட்டுமே ஆடுவார். யார் உயிர் இறங்குகிறது என்று அவர் கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடும். அடிபட்டவர் "ஐயோ" என்று எழுதி முடிப்பதற்குள் மருந்து வந்து சேர்ந்திருக்கும்.

வைகாசியில் விளையாட்டின் மூன்றாம் விரிவாக்கம் வந்தது. புது மலை, புது ஊர்கள், அறுபத்தொரு புதுப் பணிகள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொக்கிக் கயிறு. இடது கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் கொக்கி பாய்ந்து பாறையில் மாட்டும். பிடியை விடாமல் வலது விரலால் வீசினால் ஆள் பள்ளத்தாக்கைத் தாண்டி ஊஞ்சல் போலப் பறப்பான்.

முதல் நாள் கருத்தக்கண்ணன் ஜீப்புக்குள்ளேயே "ஏய்!" என்று கத்திவிட்டார். சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து எழுந்து ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்லப்பா, பறந்துட்டேன்" என்றார்.

ஒரு வாரம் அந்தக் குஷி இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு இடையன், ஆட்டுக்குட்டியைத் தேடித் தரச் சொன்னான். குட்டி ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் நின்றது. கயிறு. ஒரு கிழவிக்குக் கஷாயம் கொண்டுபோக வேண்டும். போகும் வழியில் பாலம் உடைந்திருந்தது. கயிறு. உப்பு வாங்கி வரச் சொன்னார்கள். உப்புக் கடையை மொட்டை மாடியில் வைத்திருந்தார்கள். இறந்துபோன ஊர்த்தலைவருக்கு ஆற்றில் பூப்போடும் சடங்கு ஒன்று வந்தது. அதையும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டுதான் போட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அதைவிட ஒன்று அவரை வருத்தியது. பழைய பாதைகளில் பலவற்றைப் பாறை உருட்டி அடைத்திருந்தார்கள். நடந்து போக வழி இருந்தால் கயிற்றை யார் எடுப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஓநாய்க் கணவாயில் ஆள் நடமாட்டமே இல்லை. மேலே சர்சர்ரென்று ஆட்கள் பறந்துகொண்டிருந்தார்கள். ஓநாய்கள் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தன.

பலவேசத்தால் பறக்க முடியவில்லை. ஒரு விரலால் பிடித்துக்கொண்டே வீசுவது எப்படி? மூன்று நாள் முயன்று பார்த்தார். நாலாம் நாள் மத்தியானம் கருத்தக்கண்ணனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, வேற மருத்துவரு யாரையாவது பாத்துக்கங்க."

"என்னண்ணே இப்படிச் சொல்றீக?"

"முப்பத்தேழு தடவை விழுந்துட்டேன். நான் விழுந்து எந்திரிக்கிற வரைக்கும் கூட்டமே பள்ளத்துக்கு அங்கிட்டு நிக்கிது. எனக்காக எத்தனை நாளு நிப்பாக? நான் ஒதுங்கிக்கிறேன்."

"நாலு நாளு பொறுங்கண்ணே" என்றார் கருத்தக்கண்ணன். என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

கூட்டத்துக்குள் ஆளுக்கொரு பேச்சு. சிலர் வேறு விளையாட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். சிலர் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய்க் கண்டபடி திட்டி எழுதினார்கள். போடியில் ஏலக்காய் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஏஞ்சல், கூட்டத்தின் வில்லாளி, அவளும் ஒரு திட்டு எழுதி வைத்துவிட்டு, "போடவாண்ணே?" என்று கேட்டாள்.

"வேணாம் ஏஞ்சலு. ரோட்டுல பாறை கெடக்குன்னா ஹாரன் அடிச்சா நகருமா? இறங்கித்தான் பாக்கணும்."

மறுநாளே அவர் இறங்கிவிட்டார். குமுளியில் ஒரு நோட்டு வாங்கினார். அறுபத்தொரு பணிகளையும் ஒன்று விடாமல், ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். எந்தப் பணியில் கயிறு வருகிறது, கயிறு இல்லாமல் முடியுமா, முன்பு அங்கே பாதை இருந்ததா, இருந்தால் எங்கே அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினார். ஒன்பது நாள் ஆனது. டீக்குக்கூட எழுந்து போகவில்லை. மற்ற டிரைவர்கள் கிளாசில் வாங்கி வந்து டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

"ஏலே கருத்தா, ஆர்.டி.ஓ பரீட்சைக்கா படிக்கிற?"

"கொக்கி எண்ணுறேன்டா."

அறுபத்தொன்றில் ஐம்பத்திரண்டில் கயிறு இருந்தது. அந்த ஐம்பத்திரண்டையும் அவர் மறுபடி பிரித்தார். பதினாலில் கயிறு அருமையாக இருந்தது. புயலில் ஆடும் கோபுரம், எரியும் கப்பலிலிருந்து தப்புவது, பருந்துக் கூட்டில் ஏறுவது. அங்கெல்லாம் கயிறுதான் அழகு. மீதி முப்பத்தெட்டில் அது சும்மா இருந்தது. புதிதாகச் செய்தோமே என்பதற்காக மட்டும் இருந்தது. அந்த முப்பத்தெட்டுக்கும் நடைபாதை எப்படிப் போகலாம் என்று படம் வரைந்தார். மலைப்பாதை போடுகிறவர்கள் வரைகிற மாதிரி, வளைவுக்கு வளைவு.

ஏஞ்சல் ஞாயிற்றுக்கிழமை கூடலூருக்கு பஸ் ஏறி வந்து, அவர் வீட்டில் உட்கார்ந்தே நோட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்தாள். முப்பத்தெட்டைத்தான் முதலில் போட்டிருந்தாள். கருத்தக்கண்ணன் மாற்றச் சொன்னார்.

"நல்லா இருக்கிற பதினாலை முதல்ல போடு ஆத்தா. ஒருத்தன் வீட்டுக்குப் போயி எடுத்த எடுப்புலயே குறை சொன்னா கதவைச் சாத்திருவான்."

"அண்ணே, நீங்க நெசமாவே அந்தக் கயித்த ரசிச்சீகளா?"

"பின்னே? எரியிற கப்பலை நான் ஆறு தடவை தாண்டியிருக்கேன். ஒரு தடவைதான் அது கணக்குல வரும். மிச்சம் அஞ்சும் ஆசைக்கு."

அனுப்பினார்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் போட்ட பதில் ஒன்று உடனே வந்தது. அதன்பின் மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஜோதிலட்சுமி தினமும் மலை இறங்கும்போது ஒரு தரம், "ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். வராதது தன் வீட்டுத் தபால் என்பதுபோல் அவருக்கும் ஆகிவிட்டது.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பெங்களூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விளையாட்டுக் கம்பெனியில் ஆட்டக்காரர்களோடு பேசும் பொறுப்பில் இருப்பவள், பெயர் சுபாஸ்ரீ, தமிழ்ப் பெண். "சார், நீங்க அனுப்புனதை எங்க டிசைன் டீம் மொத்தமும் படிச்சிருக்காங்க. புதன்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ மீட்டிங் வர முடியுமா? உங்களுக்கு வசதியான இடம் எது?"

"பலாமரத்தடி" என்றார் கருத்தக்கண்ணன். பிறகு விளக்கினார்.

புதன்கிழமை அவர் வெள்ளைச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தரைக்குச் சாரல் வலுத்து, காய் எடுப்பு நின்றது. ஒதுங்க இடம் தேடி ஜோதிலட்சுமியும் சந்தனம்மாளும் இன்னும் ஐந்தாறு பேரும் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் கருத்தக்கண்ணன், போனை ஸ்டீரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு. திரையில் சுபாஸ்ரீயும் வேறு இரண்டு பேரும். அதில் நரைத்த தாடி வைத்தவர்தான் தலைமை வடிவமைப்பாளர். அவருக்குத் தமிழ் வராது. சுபாஸ்ரீ இருபக்கமும் மொழிபெயர்த்தாள்.

தாடிக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்தக் கயித்துக்காக எங்க ஆளுங்க ரெண்டு வருஷம் உழைச்சிருக்காங்கன்னு சொல்றார். அதை நாலு இடத்துல மட்டும் வச்சா, இதுக்கா இவ்வளவு நாள் காக்க வச்சீங்கன்னு ஆட்டக்காரங்க கேப்பாங்களாம். உங்களுக்குக் கயிறு பிடிக்கலையான்னு கேக்குறார்" என்றாள் சுபாஸ்ரீ.

கருத்தக்கண்ணனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஜோதிலட்சுமி முந்தானையால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் தானாகப் போய் ஸ்டீரிங்கைப் பிடித்தன. பிடித்ததும் பேச்சு வந்துவிட்டது.

"புடிச்சிருக்கு சார். புடிச்சதுனாலதான் சொல்றேன். இந்தா நான் உக்காந்திருக்கேனே, இந்த ஜீப்புக்கு ஃபோர் வீல் கியர்னு ஒண்ணு இருக்கு. சேத்துல மாட்டிக்கிட்டா அதைப் போடுவோம். நாலு சக்கரமும் இழுத்து வெளிய கொண்டாந்துரும். சாமி மாதிரி. அதுக்காக அதையே போட்டுக்கிட்டுத் தார் ரோட்டுல ஓட்டுனா வண்டி திரும்பாது, டயரு தேஞ்சு போகும். வச்சிருக்கோம்ங்கிறதுக்காக கூடலூர்ல இருந்து குமுளி வரைக்கும் அதுலயே போவாகளா? சேறு வரணும் சார். சேறு வந்தாத்தான் அந்தக் கியருக்கு மருவாதை. நீங்க உப்பு வாங்குறதுக்கெல்லாம் அதைப் போட வச்சா, கப்பலு எரியிறப்ப அது பெருசாவே தெரிய மாட்டேங்குது."

பின்னாலிருந்து சந்தனம்மாள், "அதான!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். சுபாஸ்ரீ சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். தாடிக்காரர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கருத்தக்கண்ணனின் படங்களில் ஒன்றைத் திரையில் காட்டினார். இருபத்தேழாம் பணி. அருவிக்குப் பின்னால் ஒரு பாதை இருப்பதாக வரைந்திருக்கிறாரே, அது எப்படித் தெரியும்? கம்பெனி வெளியிட்ட வரைபடத்திலேயே அது இல்லையே.

"நீங்கதான போட்டீக சார், முதல் வருசத்துலயே" என்றார் கருத்தக்கண்ணன். "அருவித் தண்ணிக்குள்ள புகுந்தா இடது பக்கம் ஒரு ஆளு மட்டும் போற மாதிரி பிளவு. அதுல பதினோரு படி. கடைசிப் படியில ஒரு மண்விளக்கு எரியும். மழை நாள்ல மட்டும்தான் எரியும்."

சுபாஸ்ரீ அதைச் சொன்னதும் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். சுபாஸ்ரீயின் குரலும் மாறியிருந்தது.

"சார், அந்தப் பாதையை அவரேதான் வரைஞ்சாராம். கம்பெனியில சேர்ந்த முதல் மாசம். அந்த விளக்கைப் பாத்தேன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட அவர்கிட்ட சொன்னதில்லையாம். நீங்கதான் முதல் ஆள்."

"நான் மட்டுமில்ல சார்" என்றார் கருத்தக்கண்ணன். "மழை பெய்யிற அன்னைக்கெல்லாம் புது ஆளுகளை அந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போவேன். முன்னூறு பேராவது பாத்திருப்பாக."

அதற்கப்புறம் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. முப்பத்தெட்டுப் பணிகளையும் வரிசையாகப் பார்த்தார்கள். ஏழெட்டு இடத்தில் தாடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் கருத்தக்கண்ணன், "ஆமா சார், நீங்க சொல்றது சரி" என்றார். முடியும் தறுவாயில் பலவேசத்தைப் பற்றிச் சொன்னார்.

"எங்க மருத்துவருக்கு ஒரு கைதான். ஒரு விரல்ல கயிறு வீசுற மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுங்க. பாவப்பட்டுப் பண்ண வேணாம் சார். அவரு இல்லாம நாங்க பனிக் குகையில மூணு தடவை தோத்துட்டோம். ஆளு எங்களுக்குத் தேவை."

போனை அணைத்தார். சந்தனம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏ ஜோதி, உன் வீட்டுக்காரக வெள்ளைச் சட்டை போட்டதுக்கு ஞாயம் பண்ணிட்டாகடீ."

ஜோதிலட்சுமி தூக்குவாளியைத் திறந்து, தன் பங்குச் சோற்றில் பாதியைக் கணவனின் தட்டில் வைத்தார். அன்று மாலை மலை இறங்கும்போது, யாரும் கேட்காமலேயே ஜோதிலட்சுமி பின்னால் இருந்த பதினாலு பேருக்கும் ஃபோர் வீல் கியர் கதையை முதலிலிருந்து சொன்னார். அடிவாரத்து லோயர்கேம்ப் வருவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் புது அப்டேட் வந்தது. முப்பத்தெட்டில் இருபத்து மூன்று பணிகளுக்குப் பாதை திறந்திருந்தார்கள். உப்புக் கடை கீழே இறங்கி வந்திருந்தது. பூப்போடும் சடங்குக்குப் படித்துறை கட்டியிருந்தார்கள். மீதி பதினைந்தைத் தொடவில்லை. அதைப் பற்றிக் கருத்தக்கண்ணனுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் 'ஒரு விரல் கயிறு' என்று புதிதாக ஒரு பொத்தான் இருந்தது. மாற்றங்களின் பட்டியல் முடியும் இடத்தில் ஒரு வரி: 'நடந்து பார்த்து வழி சொன்ன கூடலூர் கணவாய்க் கூட்டத்துக்கு நன்றி.' தமிழில் மட்டுமல்ல, எல்லா மொழியிலும் அந்த வரி இருந்தது. ஏஞ்சல் அதை அச்செடுத்து அவருக்கு அனுப்பினாள். கருத்தக்கண்ணன் அதை வீட்டில் மாட்டவில்லை, வண்டியிலும் ஒட்டவில்லை. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்தார். அவரிடம் இருப்பதிலேயே பத்திரமான இடம் அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. இனி வரும் ஒவ்வொரு விரிவாக்கத்தையும் வெளியிடும் முன்பே அனுப்புகிறோம், ஆடிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று சுபாஸ்ரீ கேட்டாள். "பலவேசம் அண்ணனையும் சேத்தா வர்றேன்" என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

அப்டேட் வந்த அன்று மத்தியானம் கூட்டம் முழுக்க ஓநாய்க் கணவாயில் கூடியது. அடைத்திருந்த பாறை போய்விட்டது. கருத்தக்கண்ணன் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி, எப்போதும்போல, "முன்னால போறவங்க காலடியிலயே வாங்க, ஓடாதீங்க" என்று எழுதிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பலவேசம் பக்கத்தில் வருவார் என்று பார்த்தார். ஆளைக் காணவில்லை. போன் அடித்தது.

"தம்பி, ரோட்டைத் தொறந்துட்டாகன்னு சந்தோசம். ஆனா நீங்க நடங்க."

"நீங்க எங்கண்ணே இருக்கீக?"

"மேல பாருங்க."

செங்குத்துப் பாறையின் முனையில் பச்சை அங்கி போட்ட மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். கொக்கி பாய்ந்தது. கணவாயின் குறுக்கே, பன்னிரண்டு பேர் தலைக்கும் மேலே, பலவேசம் பறந்து போனார். போனில் ஒரு சத்தம் கேட்டது. நாற்பத்தைந்து வயது மனிதர், திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, விழா நாளில் ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரி கூவினார். "முப்பத்தெட்டாவது தடவைடா!" என்றார்.

கருத்தக்கண்ணன் ஜீப்புக்குள் தனியாக இருந்தார். சத்தமாகச் சிரித்ததில் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது, பன்னிரண்டு புதியவர்களும் பாதையில் நின்றபடி அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர், "அண்ணா, இனி எந்தப் பக்கம்?" என்று எழுதியிருந்தார்.

"இடது பக்கம்" என்று எழுதிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.